லிப்ரே ஒபிஸ் ரைட்டரில் அட்டவணைக் கணக்கு: தலவாக்கலை டைப்பிங் கடையிலிருந்து ஒரு மதிப்புரை

மேலே "மதிப்பிற்குரிய ஐயா" என்று ஒரு பந்தி, நடுவில் ஓர் அட்டவணை, கீழே கையொப்பம். தலவாக்கலையில் நான் நடத்தும் டைப்பிங், போட்டோ கொப்பிக் கடைக்கு வரும் வேலைகளில் பெரும்பாலானவை இந்த அச்சில்தான் இருக்கும். மேசன் பாஸ்மாரின் வீட்டு மதிப்பீடு, தோட்டத்துக் கோயிலின் திருவிழா வரவு செலவு, மரண உதவிச் சங்கத்தின் ஆண்டுக் கணக்கு, மரக்கறி அனுப்புகிறவர்களின் பில், சாப்பாட்டுக் கடைகளின் சம்பளச் சீட்டு என எதை எடுத்தாலும் நடுவில் இருக்கும் அட்டவணைதான் உயிர். அதற்காகவே நான் லிப்ரே ஒபிஸ் ரைட்டரைப் பாவிக்கிறேன். கடிதம் அடிக்கும் மென்பொருளின் அட்டவணைக்கு உள்ளேயே கூட்டல், பெருக்கல் சூத்திரம் போடலாம் என்பது எங்கள் பக்கத்தில் டைப்பிங் செய்கிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது. அதனால் இந்த வசதியை மட்டும் எடுத்து, நல்லதையும் குறையையும் விரிவாகவே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. கட்டங்களின் பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். கீபோர்ட்டில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

கல்குலேட்டரில் கூட்டி, வந்த தொகையைக் கையால் அடித்தால் போதாதா என்று கேட்பீர்கள். முதல் பிரதிக்குப் போதும். ஆனால் இந்தக் கடிதங்கள் முதல் பிரதியோடு நிற்பதில்லை. பாஸ் வந்து "தங்கச்சி, சீமெந்து விலை மாறிப்போச்சு, அந்த லெட்டரை மாத்தித் தாங்க" என்பார். ஒரு விலையை மாற்றினால் அந்த நிரையின் தொகை, மொத்தம், மொத்தத்தைப் பார்த்துக் கடிதத்தின் கீழே எழுதிய சொற்கள் என எல்லாமே மாற வேண்டும். கையால் அடித்த கடிதத்தில் இவற்றில் ஒன்று மறந்துபோகும். வங்கியில் கடன் பகுதியில் இருப்பவர் முதலில் பார்ப்பது மொத்தத்தைத்தான். அது பொருந்தாவிட்டால் கோப்பு திரும்பி வரும். லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு ஏழு பேர்ச் காணியில் ஒரு வீடு கட்ட முயலும் குடும்பம், ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, இழந்து, பஸ் ஏறி மீண்டும் நகரத்துக்கு வர வேண்டும். கடிதத்தில் உள்ள ஒரு கூட்டுத்தொகைக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது அதனால்தான்.

விரிதாளில், அதாவது எக்செலிலோ லிப்ரே ஒபிஸின் கல்க்கிலோ, செய்தால் என்ன? கணக்கு மட்டும் என்றால் அங்கேதான் செய்ய வேண்டும். ஆனால் வங்கியும் சங்கமும் பாடசாலையும் கேட்பது கடிதம். விரிதாளுக்குள் பந்தி பந்தியாகத் தமிழில் கடிதம் எழுதுவது பெரிய அவஸ்தை. விரிதாளில் கூட்டிக் கடிதத்தில் ஒட்டினாலோ, திருத்தம் வந்ததும் இரண்டு பைல்களையும் தேட வேண்டும். பென் டிரைவில் எது புதியது, எது பழையது என்ற குழப்பம் வேறு. கணக்கும் கடிதமும் ஒரே பைலில் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

இனி வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு மதிப்பீட்டை வைத்துச் சொல்கிறேன். நான்கு நிரல்கள்: பொருள், அளவு, ஒன்றின் விலை, தொகை. இடமிருந்து அவற்றின் பெயர் ஏ, பி, சி, டி; நிரைகளுக்கு மேலிருந்து 1, 2, 3. பி2 என்றால் இரண்டாவது நிரலும் இரண்டாவது நிரையும் சந்திக்கும் கட்டம். முதல் நிரை தலைப்பு. இரண்டாவது நிரையில் சீமெந்து, 45 மூடை, ஒரு மூடை 2,100 ரூபா. மூன்றாவதில் மணல், 3 கியூப், ஒரு கியூப் 28,000. நான்காவதில் புளொக் கல், 1,200, ஒன்று 75 ரூபா. விலைகள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். சீமெந்து நிரையின் கடைசிக் கட்டத்தில் கர்சரை வைத்து எப்2 விசையை அழுத்தினால் மேலே ஒரு சூத்திரப் பட்டை திறக்கும். வெறுங்கட்டத்தின் தொடக்கத்தில் சமன் குறியை அடித்தாலும் அதே பட்டை வரும். அதில் =<பி2>*<சி2> என்று எழுதி என்டர் அழுத்தினால் கட்டத்தில் 94,500 வந்து உட்காரும். கட்டத்தின் பெயரைக் கையால் அடிக்கவும் தேவையில்லை. பட்டை திறந்திருக்கும்போது 45 இருக்கும் கட்டத்தை மவுஸால் தட்டினால் <பி2> தானாகவே பட்டையில் விழும். பிறகு பெருக்கல் குறி, பிறகு 2,100 இருக்கும் கட்டத்தில் ஒரு தட்டு. அவ்வளவுதான்.

மூன்று நிரைகளுக்கும் போட்டால் 94,500, 84,000, 90,000 என்று வரும். மொத்தக் கட்டத்தில் கர்சரை வைத்து, அட்டவணைக் கருவிப் பட்டையில் உள்ள கூட்டுத்தொகைக் குறியைத் (Σ) தட்டி, தொகை நிரலை மேலிருந்து கீழாக இழுத்துவிட்டால் =சம் <டி2:டி4> என்று அதுவே எழுதிக்கொள்ளும். மொத்தம் 268,500. சீமெந்து விலையை மாற்றி அந்தக் கட்டத்தை விட்டு வெளியே வந்தால் தொகையும் மொத்தமும் கூடவே மாறுகின்றன. சந்தேகம் இருந்தால் எப்9 ஒரு தடவை அழுத்துங்கள், எல்லாம் புதிதாகக் கணக்கிடப்படும். பிரின்ட் கொடுக்கும் முன் எப்9 அழுத்துவது என் கடையில் கட்டாயம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது திருத்தும் விதம். சூத்திரம் இருக்கும் கட்டத்தில் கர்சரை வைத்து எப்2 அழுத்தினால் உள்ளே எழுதியது அப்படியே பட்டையில் தெரியும். வேண்டிய எழுத்தை மாற்றிப் பச்சைச் சரிக் குறியைத் தட்டலாம். மனம் மாறினால் சிவப்புப் பெருக்கல் குறி, பழையபடியே இருக்கும். இன்னும் எளிதாக, கட்டத்தின் மேல் மவுஸைச் சும்மா வைத்தாலே சிறிய பெட்டியில் சூத்திரம் காட்டப்படும். வேறொருவர் செய்த பைல் கைக்கு வரும்போது எது கணக்கு, எது கையால் அடித்த எண் என்று நான் இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறேன். கர்சர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைக் கீழே உள்ள நிலைப் பட்டை சொல்லிக்கொண்டே இருக்கும். எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை.

நிரை சேர்ப்பதிலும் ரைட்டர் புத்தியாக நடந்துகொள்கிறது. மணலுக்கும் புளொக் கல்லுக்கும் நடுவில் கம்பிக்கு ஒரு நிரை சேர்த்தால், கீழே உள்ள சூத்திரங்கள் தங்கள் கட்டங்களைப் பின்தொடர்ந்து போகின்றன. புளொக் கல்லின் நிரை நான்கிலிருந்து ஐந்துக்கு இறங்கினாலும் அது தன் அளவையும் தன் விலையையும்தான் பெருக்கும். மொத்தமும் டி5 வரை நீண்டிருக்கும். கவனம் வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: கடைசிப் பொருளுக்குக் கீழே, மொத்தத்துக்கு மேலே சேர்க்கும் புதிய நிரையை சூத்திரம் எடுத்துக்கொள்ளாது. அதற்காக நான் மொத்தத்துக்கு மேலே எப்போதும் ஒரு வெற்று நிரையை விட்டு, கூட்டலையும் அந்த வெற்று நிரை வரை இழுத்து வைப்பேன். புதிய பொருள் வந்தால் வெற்று நிரைக்கு மேலே சேர்த்தால் போதும், கணக்குத் தப்பாது.

மைக்ரோசொப்ட் வேர்டிலும் இந்த வசதி உண்டு. அட்டவணையில் கர்சர் இருக்கும்போது லேஅவுட் பகுதியில் போர்மியுலா என்ற பட்டனைத் தட்டினால் =சம்(அபவ்) என்று அதுவே முன்வைக்கும். "மேலே உள்ளதை எல்லாம் கூட்டு" என்று பொருள். இடப்பக்கம், வலப்பக்கம், கீழே என்றும் சொல்லலாம். ஒரே ஒரு நிரலைக் கூட்ட வேண்டும், திருத்தம் வராது என்றால் இதைவிட எளிது இல்லை. மொத்தத்துக்கு நேர் மேலே நிரை சேர்த்தாலும் அதையும் எடுத்துக்கொள்ளும். இந்த ஓர் இடத்தில் வேர்ட் ரைட்டரை மிஞ்சுகிறது.

ஆனால் மற்ற இடங்களில் எனக்கு வேர்டின் மேல் நம்பிக்கை வரவில்லை. விலையை மாற்றினால் மொத்தம் தானாக மாறாது. மொத்தத்தைத் தெரிந்தெடுத்து எப்9 அழுத்த வேண்டும், அல்லது கொன்ட்ரோல் ஏ அழுத்தி முழுவதையும் தெரிந்தெடுத்து எப்9. இதை அறியாதவர் கையில் பைல் போனால் பழைய மொத்தத்தோடு பிரின்ட் எடுத்துவிடுவார். நடுவில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் சம்(அபவ்) அங்கேயே நின்றுவிடும், அதற்கு மேலே உள்ளவை விடுபடும். அதனால் வெற்றுக் கட்டங்களில் பூச்சியம் போட வேண்டும். பெருக்கலுக்கு =பி4*சி4 என்று எழுதி வைத்து, மேலே ஒரு நிரை சேர்த்தால் சூத்திரம் நகராது. நிரை ஐந்தாவது இடத்துக்கு இறங்கியபின்னும் நான்காவது நிரையைத்தான் பெருக்கிக்கொண்டிருக்கும். எழுத்தாக எழுதி வைத்ததை வேர்ட் எழுத்தாகவே வைத்திருக்கிறது.

தலைப்பில் ஆண்டு இருந்தால் இன்னொரு ஆபத்து. வேறெங்கோ வேர்டில் அடிக்கப்பட்ட ஒரு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செலவுப் பட்டியல் பிரதி எடுக்க என் கடைக்கு வந்தது. செயலாளர் சேர் கையில் கல்குலேட்டரோடு நின்றார். எத்தனை முறை கூட்டினாலும் தாளில் இருக்கும் மொத்தம் கூடுதலாக இருக்கிறது என்றார். வித்தியாசம் சரியாக 2,025 ரூபா. தொகை நிரலின் தலைப்பில் வேறு சொல் எதுவும் இல்லாமல் 2025 என்று மட்டும் இருந்தது. "மேலே உள்ளதை எல்லாம்" கூட்டச் சொன்னதால் வேர்ட் ஆண்டையும் சேர்த்துக் கூட்டியிருக்கிறது. கையாடல் என்று யாராவது வாயைத் திறப்பதற்குள் கண்டுபிடித்தது நல்லதாகப் போயிற்று. ரைட்டரில் எங்கிருந்து எங்கு வரை என்று நாமே காட்டுவதால் தலைப்புக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

அடுத்து, எங்கள் நாட்டில் தமிழ் அடிக்கிறவர்களுக்கே உரிய ஒரு பிரச்சினை. இதைப் பற்றி எந்த உதவிப் பக்கமும் சொல்லாது. இன்னும் பாதிக் கடிதங்கள் பாமினி எழுத்துருவில்தான் வருகின்றன. பாமினி, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யுனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய பழைய எழுத்துரு. அதில் காற்புள்ளியின் இடத்தில் "இ" இருக்கிறது. எண்ணுக்கு ஆயிரம் பிரிக்கும் வடிவம் கொடுத்தால் ரைட்டர் 94,500.00 என்று சரியாகத்தான் எழுதும். ஆனால் கட்டம் பாமினியில் இருந்தால் தாளில் 94இ500.00 என்று தெரியும். கணக்குப் பிழைத்துவிட்டது என்று பயந்து பலர் சூத்திரத்தை அழித்துவிட்டுக் கையால் அடிப்பார்கள். தேவையில்லை. அளவு, விலை, தொகை ஆகிய மூன்று நிரல்களையும் தெரிந்தெடுத்து டைம்ஸ் நியூ ரோமன் போன்ற ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றினால் "இ" போய்க் காற்புள்ளி திரும்பி வரும். சூத்திரப் பட்டையில் இந்தத் தொல்லை இல்லை. அது தன் சொந்த எழுத்துருவில் காட்டுவதால் கோணக் குறிகள் "ஈ" ஆகத் தெரியாது.

பாமினியில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சமன் குறி இருக்கும் விசையில்தான் "ஸ்ரீ" இருக்கிறது. அட்டவணையின் வெறுங்கட்டத்தில் "ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயம்" என்று அடிக்கத் தொடங்கினால், முதல் விசையிலேயே சூத்திரப் பட்டை திறந்துகொள்ளும். பட்டையை ரத்துச் செய்துவிட்டு, கட்டத்தில் முதலில் ஓர் இடைவெளி அடித்து, பிறகு ஸ்ரீயை அடித்து, கடைசியில் அந்த இடைவெளியை நீக்குங்கள். யுனிகோட்டில் அடிக்கிறவர்களுக்கு இந்த இரண்டு தொல்லையும் கிடையாது. புதிதாகத் தொடங்கும் எந்தக் கடிதத்தையும் நான் யுனிகோட்டில்தான் தொடங்குகிறேன். மற்றவர்களும் மாற வேண்டும் என்பதே என் விருப்பம்.

கோயில் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் ரைட்டரின் முழுப் பலமும் அங்கேதான் தெரிகிறது. திருவிழா முடிந்ததும் வரவு செலவை அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுப்பது பல தோட்டங்களில் வழக்கம். ஒரே தாளில் வரவுக்கு ஓர் அட்டவணை, செலவுக்கு ஓர் அட்டவணை, கடைசியில் மீதி. வரவில் செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவில்) பிடித்த சந்தா 312 பேருக்கு 1,500 வீதம் 468,000, நன்கொடை 85,000, உண்டியல் 41,250, ஆக 594,250 என்று வைத்துக்கொள்வோம். செலவில் மேளம், பூசகர் தட்சணை, ஒலிபெருக்கியும் சீரியல் லைட்டும், அன்னதானம், பூ மாலை, நோட்டிஸ், இதர என்று ஏழு நிரைகள், மொத்தம் 571,900. மீதி 22,350. இந்த மீதியைக் கையால் கழிக்கத் தேவையில்லை. அட்டவணைப் பண்புகளில் முதல் அட்டவணைக்கு இடைவெளி இல்லாமல் ஆங்கில எழுத்தில் "வரவு" என்றும் இரண்டாவதற்கு "செலவு" என்றும் பெயர் வைத்து, மீதிக் கட்டத்தில் =<வரவு.சி5>-<செலவு.பி9> என்று எழுதினால், அட்டவணை விட்டு அட்டவணை போய்க் கணக்கிடும். பெயர், புள்ளி, கட்டம், அவ்வளவுதான். அச்சுக்குப் போகும் முந்திய இரவில் "அக்கா, இன்னொரு நன்கொடை வந்திருக்கு, அந்த அண்ணன் பேரையும் போடணும்" என்று தலைவர் தொலைபேசியில் சொன்னாலும் எனக்குப் பதற்றம் இல்லை. ஒரு நிரை சேர்த்து, எப்9 அழுத்தினால் மீதி வரை எல்லாம் சரியாகிவிடும். பொதுப் பணத்தின் கணக்கு ஒரு ரூபா பிசகினாலும் ஊரில் முகம் பார்த்துப் பேச முடியாது. அந்த இடத்தில் இந்த வசதிக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

சம்பளச் சீட்டும் இதே வகைதான். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் கழிக்க வேண்டும், முதலாளி 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். 40,000 ரூபாவுக்கு 3,200, 4,800, 1,200. =<பி2>*8/100 என்று ஒரு கட்டத்தில் எழுதி வைத்தால் சம்பளத்தை மாற்றினாலே போதும். வீதத்துக்கென்று ரைட்டரில் தனிக் கட்டளையும் இருக்கிறது. ஆனால் எட்டை நூறால் பிரிப்பது யார் பார்த்தாலும் விளங்கும் என்பதால் நான் இப்படியே எழுதுகிறேன். ஒருவருக்குரிய சீட்டைச் செய்து வைத்து, சூத்திரம் உள்ள கட்டங்களைத் தெரிந்தெடுத்து அட்டவணை மெனுவில் "கட்டங்களைப் பாதுகாத்தல்" என்பதைப் போட்டுக் கொடுத்தால், கடைக்காரர் தன் கணினியில் தொகையை மட்டும் மாற்றிப் பிரின்ட் எடுத்துக்கொள்ளலாம்.

மரக்கறி பில்லில்தான் ஒரு நுணுக்கம் கவனிக்க வேண்டியிருக்கிறது. கந்தப்பளை, ராகலைப் பக்கம் மரக்கறி செய்கிறவர்களின் பில்லில் கிலோவில் அரையும் விலையில் சதமும் வரும். கரட் 47.5 கிலோ 185.50 வீதம் 8,811.25. லீக்ஸ் 62.5 கிலோ 210.50 வீதம் 13,156.25. பீட்ரூட் 30.5 கிலோ 140.50 வீதம் 4,285.25. சதம் வேண்டாம் என்று எண் வடிவத்தில் சொன்னால் 8,811, 13,156, 4,285 என்று காட்டும், மொத்தம் 26,253 என்று வரும். வாங்குகிறவர் கல்குலேட்டரில் தட்டினால் 26,252. ரைட்டர் பிழை செய்யவில்லை. கண்ணுக்குத் தெரியாத சதங்களையும் சேர்த்துக் கூட்டி 26,252.75 என்று வைத்துக்கொண்டு, அதை முழு ரூபாவாகக் காட்டுகிறது. ஆனால் பில்லைக் கையில் வைத்திருப்பவருக்கு இது ஒரு ரூபா வித்தியாசம்தான். அதற்கு ஒவ்வொரு நிரையிலும் =(<பி2>*<சி2>) ரவுண்ட் 0 என்று எழுத வேண்டும். அப்போது சதம் நிரையிலேயே நீங்கி, மொத்தமும் 26,252 என்று தாளில் தெரிவதோடு ஒத்துப்போகும். வேர்டோ கட்டத்தில் தெரியும் எழுத்தைப் படித்துக் கூட்டுவதால், அங்கே இந்த வித்தியாசம் எழுவதில்லை.

இனிக் குறைகள். விரிதாளில் ஒரு சூத்திரத்தைப் போட்டு மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா நிரைகளுக்கும் நிரம்பும். ரைட்டரில் அந்த வசதி இல்லை. பத்து நிரை வரை பொறுக்கலாம். ஐம்பது பொருள் கொண்ட மதிப்பீடு வந்தால் நான் கல்க்கில்தான் செய்கிறேன், கடிதத்தை அதற்கு முகப்பாக வைத்து. கட்டளைகளின் பெயரும் எக்செல் பழகியவரைத் தடுமாற வைக்கும். சராசரிக்கு அங்கே அவரேஜ், இங்கே மீன். கட்டங்களைக் கோணக் குறிக்குள் எழுத வேண்டும். பிழையாக எழுதினாலோ சூத்திரம் சொல்லும் நிரையை யாராவது அழித்துவிட்டாலோ கட்டத்தில் "சூத்திரம் பிழை" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நிற்கும். என்ன பிழை, எங்கே பிழை என்று சொல்லாது. ஒரு கட்டத்தை இரண்டாகப் பிரித்தால் அதன் பெயர் புள்ளி புள்ளியாக நீண்டுவிடும். அந்த மாதிரிக் கட்டங்களைக் கையால் அடிக்காமல் மவுஸால் தட்டிச் சேர்ப்பதே உத்தமம்.

எண் அடையாளம் காணும் வசதி ஒன்று அட்டவணை மெனுவில் இருக்கிறது. அது இயங்கினால் அடிக்கும் எண்களை எண்ணாகவே எடுத்து வலப்பக்கம் ஒதுக்கும், நல்லதுதான். ஆனால் 12/3 போன்ற வீட்டு இலக்கத்தைத் திகதி என்று நினைத்து மாற்றிவிடலாம். லய வீட்டு இலக்கங்கள் நிறைந்த சந்தாப் பட்டியலில் இதை நிறுத்திவிட்டே தொடங்குங்கள். "3 கியூப்", "ரூபா 500" என்று எண்ணோடு சொல்லையும் ஒரே கட்டத்தில் போடவும் வேண்டாம். அலகு தலைப்புக்குப் போகட்டும், அல்லது தனி நிரலுக்கு.

பைலை அனுப்பும் விடயத்தில் என் வழி இது: திருத்த வேண்டியதை ரைட்டரின் சொந்த வடிவமான ஓடிடியில் என்னிடம் வைத்துக்கொள்வேன், வெளியே போவது பிடிஎப் மட்டும். வேர்டுக்கு மாற்றிக் கொடுத்து, அங்கே திருத்தி, திரும்ப இங்கே திறந்து என்று போனால் சூத்திரங்களுக்கு நான் உத்தரவாதம் சொல்லமாட்டேன். ஓடிடி 2006இல் ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பட்ட வடிவம். நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினாலும் பைல் கைவிட்டுப் போகாது.

விலை? ஒன்றுமில்லை. 2010இல் ஓபன் ஒபிஸிலிருந்து பிரிந்து வந்தது முதல் இது இலவசம்தான். கடையில் எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம், மாதச் சந்தா இல்லை, களவுப் பிரதி என்ற பயமும் இல்லை. என் கடையின் பழைய கணினியிலும் ஓடுகிறது. தென்மேற்குப் பருவ மழை பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கம் மின்சாரம் அடிக்கடி போகும். திரும்பி வந்ததும் திறந்திருந்த பைலை மீட்டுத் தரவா என்று கேட்கும். மெனுக்களைத் தமிழிலும் மாற்றிக்கொள்ளலாம்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? கடிதத்தோடு கணக்கு எழுதும் எல்லோருக்கும்: சங்கச் செயலாளர்கள், கோயில் பொருளாளர்கள், மேசன் பாஸ்மாருக்கு மதிப்பீடு அடித்துக் கொடுக்கும் என்னைப் போன்ற கடைக்காரர்கள், உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள். சம்பளக் கணக்கை நூற்றுக்கணக்கானோருக்குச் செய்கிறவர்கள் விரிதாளுக்கே போங்கள். வேர்ட் மட்டும்தான் இருக்கிறது என்றால் தலைப்பில் வெறும் ஆண்டை எழுதாதீர்கள், வெற்றுக் கட்டத்தில் பூச்சியம் போடுங்கள், பிரின்ட் கொடுக்கும் முன் முழுவதையும் தெரிந்தெடுத்து எப்9 அழுத்துங்கள். ரைட்டர் செய்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் மட்டும் இருக்கிறது: சூத்திரத்தைக் கீழே இழுத்து நிரப்ப ஒரு வழி தாருங்கள். அது வந்தால் ஐம்பது நிரை மதிப்பீட்டையும் நான் கடிதத்துக்குள்ளேயே முடித்துவிடுவேன்.